ஆகஸ்ட் லீவில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓர் இலவச முகாம்: நடத்த நினைப்பவர்களுக்கு

ஆகஸ்ட் விடுமுறை வந்தால் எங்கள் பக்கத்து ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கூட்டம் காலையில் ஒரு டியூஷன், பின்னேரம் இன்னொரு டியூஷன் என்று பாடசாலை நாட்களைவிடக் கூடுதலாக அலையும். மற்றக் கூட்டத்துக்கு ஒன்றுமே இல்லை. அது சிறுபோக வேளாண்மை வெட்டு நேரம். தகப்பன் வட்டைக்குள், அதாவது வயல்வெளியில், நிற்பார், தாயும் கூலிக்குப் போயிருப்பார், இல்லாவிட்டால் மத்திய கிழக்கில் இருப்பார். பிள்ளை அம்மம்மாவோடு வீட்டில் இருக்கும், அல்லது வாவிக்கரையில் நிற்கும், அல்லது போனுக்குள் கிடக்கும். நான் இங்கே சொல்லும் முகாம் இந்த இரண்டாவது கூட்டத்துக்கானது. முதற் கூட்டத்துப் பிள்ளைகள் வந்தாலும் சரி, வரட்டும். ஆனால் அவர்களை மனதில் வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

நான் ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே, பிரதான வீதிக்கும் வாவிக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். ஓய்வுக்குப் பிறகு ஊர்ப் பொடியன்மாரையும் பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு இந்த முகாமை நடத்தி வருகிறோம். பெற்றோரிடம் ஒரு சதமும் வாங்குவதில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து "எப்பிடி டீச்சர் தொடங்கிற?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று பட்டது.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பாடப்புத்தகம் திறக்கப்படாது. பரீட்சை இல்லை, முதலாம் பிள்ளை இரண்டாம் பிள்ளை இல்லை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ஒரு காரியத்தைத் தொடங்கி, முடித்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும். நேரம், ஆள், சாமான் எல்லாத் தீர்மானத்தையும் இதை வைத்தே எடுங்கள்.

எப்போது, எந்த வயதுக்கு

டிசம்பர் விடுமுறையும் உண்டுதான், ஆனால் அது மாரி காலம். எங்கள் உள்வீதிகள் எந்த நாளில் வெள்ளத்துக்குள் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏப்ரல் விடுமுறையை வருடப்பிறப்பு விழுங்கிவிடும். ஆகஸ்ட்தான் தோது. கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக அடிக்கும், ஆனாலும் மழை குறுக்கே வந்து குழப்பாது. மத்தியானத்துக்கு முன் முடித்துவிட்டால் வெயிலைச் சமாளிக்கலாம்.

தேதி குறிக்க முன், கல்வி அமைச்சு அந்த வருடத்துக்கு வெளியிட்ட தவணை அட்டவணையைப் பாருங்கள். தமிழ், சிங்களப் பாடசாலைகளுக்கு ஒன்று, முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பைக் கணக்கெடுத்து வேறொன்று. கல்முனை, அக்கரைப்பற்று போல இரண்டு சமூகமும் அடுத்தடுத்த தெருவில் வாழும் இடங்களில் இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் வைத்து, இரு பக்கத்துக்கும் லீவு விழும் நாட்களைத் தேடி எடுங்கள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கே கலைத்துவிட்டால்தான் ஜும்ஆவுக்குப் போகிற பிள்ளை குளித்து ஆயத்தமாக நேரம் கிடைக்கும். திருவிழாக்களும் இருக்கின்றன. ஆடி அமாவாசைத் தீர்த்தம் என்றால் பாதி ஊர் மாமாங்கக் கோயிலுக்கும் மீதி ஊர் திருக்கோவில் முருகனிடமும் போய்விடும். ஆவணியில் மண்டூர் முருகன் திருவிழா. அந்த நாட்களில் முகாம் வைத்தால் பாய் விரித்துவிட்டு நீங்கள்தான் படுக்கவேண்டும்.

இரண்டு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டரை முதல் பதினொன்றரை வரை. இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். மாதம் முழுக்க நடத்தப்போகிறோம் என்று எழும்புகிற இளைஞர்கள் இரண்டாம் வாரம் முடிய ஒவ்வொருவராகக் கழன்றுவிடுவார்கள். எட்டரைக்கு முன் தொடங்கவும் வேண்டாம். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கத்தில் யானை விடியற்புறம் வீதி கடந்து திரும்புகிற ஊர்கள் இருக்கின்றன. அங்கே ஒன்பது மணிதான் சரி.

தரம் 3, தரம் 4 பிள்ளைகளுக்கு இது மிகப் பொருத்தம். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியும், சொன்னதைக் கேட்கும், இன்னும் வெட்கம் வரவில்லை. தரம் 5 பிள்ளைகளைப் புலமைப்பரிசில் பரீட்சை பிடித்து வைத்திருக்கும், அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். தரம் 1, 2 பிள்ளைகளைத் தனியே சேர்ப்பதில்லை, ஆனால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தம்பி வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். திருப்பி அனுப்பினால் அக்காவும் வரமாட்டாள். அவனைப் பார்க்கும் பொறுப்பு வீட்டில் அவளுடையது. மொத்தமாக நாற்பது பிள்ளைகள் போதும்.

இடம்

பாடசாலைக் கட்டடம் கிடைத்தால் அதுவே நல்லது. மலசலகூடம், தண்ணீர், மதில், மரநிழல் நாலும் ஒரே இடத்தில் இருக்கும். அதிபரிடம் முதலில் வாயால் பேசுங்கள், பிறகு கடிதம் கொடுங்கள். அவர் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதி அனுமதி எடுக்கவேண்டி வரும் (எங்களுக்குப் பட்டிருப்பு வலயம்). ஆகவே ஜூன் மாதமே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். கடிதத்தில் தேதி, நேரம், பிள்ளைகளின் எண்ணிக்கை, எந்த இரண்டு மூன்று அறைகள், சாவி யாரிடம் இருக்கும், பணம் அறவிடப்படாது என்ற வரி, இவ்வளவும் இருந்தால் போதும். கல்வியின் மகத்துவம் பற்றி அதிபருக்கு நீங்கள் எழுத வேண்டியதில்லை.

பாடசாலை கிடைக்காவிட்டால் முன்பள்ளி, பொது நூலகம், பல்நோக்கு மண்டபம் என்று தேடலாம். கோயில் மண்டபம் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் கலந்து வாழும் ஊரில் அங்கே வைத்தால் வேறு சமயத்துப் பிள்ளைகள் வாசலோடு நின்றுவிடுவார்கள். எந்த இடமானாலும் கிணற்றைப் போய்ப் பாருங்கள். கட்டு தாழ்ந்திருந்தால் மூடி போடாமல் தொடங்க வேண்டாம்.

கிராம உத்தியோகத்தருக்கும், பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். பிள்ளைகள் கூடுகிற இடத்தை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். நாளைக்கு ஒரு பிள்ளையின் வீட்டுப் பிரச்சினை உங்கள் காதுக்கு வந்தால் யாரிடம் போவது என்பதும் உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

பிள்ளைகளைச் சேர்ப்பது

நோட்டீஸ் ஒட்டினால் டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள்தான் வரும், ஏனென்றால் நோட்டீஸ் வாசிக்கிற வீடுகள் அவைதான். மற்ற வீடுகளுக்கு நடந்துதான் போகவேண்டும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு, வட்டையால் வந்து குளித்து முடித்த நேரத்தில் போங்கள். எந்த வீடு என்று தெரியாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள். ஊரில் எந்த வீட்டில் எத்தனை வயதுப் பிள்ளை இருக்கிறது, யார் வளர்க்கிறார் என்பது அவருக்கு அத்துப்படி.

அம்மம்மாமார் கேட்கிற முதற் கேள்வி: "எவ்வளவு கட்டணும் மிஸ்?" ஒன்றும் கட்டத் தேவையில்லை என்றால் முகத்தில் சந்தேகம் வரும். இலவசம் என்று வந்து கடைசியில் படிவமும் படமும் எடுத்துக்கொண்டு போனவர்களை இந்தக் கரை நிறையவே கண்டிருக்கிறது. அதனால் நாங்கள் வேறு விதமாகக் கேட்போம். பணம் வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு தேங்காய் தரலாமா, ஒரு காலையில் வந்து கடலை அவித்துத் தரலாமா, ஒரு பாய் இரவல் தரலாமா என்று. ஏதாவது ஒன்றைத் தந்த வீடு பிள்ளையையும் ஒழுங்காக அனுப்பும்.

இரண்டாவது கேள்வி எப்போதும் இதுதான்: "எல்லாம் நல்லம் மிஸ், கணக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களன்." இந்த இடத்தில்தான் பல முகாம்கள் கவிழும். ஒரு தாய் கேட்டாள் என்று வாய்ப்பாடு, இன்னொரு தகப்பன் கேட்டார் என்று மாதிரி வினாத்தாள், மூன்றாம் நாள் பார்த்தால் அது இன்னொரு டியூஷன் கொட்டில். நான் சொல்வது: "கணக்கு இருக்கு, கொப்பியில இருக்காது." அவ்வளவுதான். விளக்கப் போனால் பேரம் தொடங்கிவிடும்.

அரைப் பக்கத்தில் ஒரு படிவம் போதும். பெயர், தரம், பொறுப்பானவரின் தொலைபேசி, யார் கூட்டிக்கொண்டு போவார், பிரதான வீதியைக் கடக்க வேண்டுமா, ஒத்துக்கொள்ளாத சாப்பாடு, இழுப்பு, வலிப்பு ஏதும் உண்டா. எழுத வாசிக்கத் தெரியாத பெரியவர் என்றால் நீங்களே கேட்டு நிரப்புங்கள். படிவத்தைக் கையில் திணித்துவிட்டு வராதீர்கள்.

உதவிக்கு யார்

எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர் என்று கணக்கு வையுங்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறவர்கள், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படித்துவிட்டு விடுமுறையில் ஊருக்கு வந்தவர்கள், தாழங்குடா கல்வியியற் கல்லூரி மாணவர்கள் என்று தேடினால் கிடைப்பார்கள். பாட்டுப் படிக்கத் தெரிந்தவரைவிட, நேரத்துக்கு வருகிறவரை எடுங்கள்.

அவர்களை ஒரு பின்னேரம் கூப்பிட்டு இருத்தி, சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். பிரம்பு, காதைத் திருகுவது, முழங்காலில் விடுவது எதுவும் இங்கே இல்லை. ஒரு பிள்ளையோடு ஒருவர் தனியே மூடிய அறையில் இருக்கக்கூடாது, அது அண்ணாவானாலும் அக்காவானாலும். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை முகநூலில் போடக்கூடாது. மூன்றாவதைச் சொல்லும்போதுதான் முகம் வாடும். பரவாயில்லை, வாடட்டும்.

காசும் சாமானும்

இரண்டு வாரத்துக்கு உண்மையில் வேண்டியவை: ஏ4 தாள், டிமை தாள், கொஞ்சம் பிரிஸ்டல் போர்ட், பென்சில், வர்ணப் பென்சில், மொட்டை முனைக் கத்தரிக்கோல், வெண்கட்டி, நூல், பழைய பத்திரிகை. மீதி எல்லாம் வளவுக்குள் கிடக்கிறது. சிரட்டை, தென்னோலை, குரும்பட்டி, புளியங்கொட்டை, மட்டி ஓடு. பாய் கோயிலிலும் வீடுகளிலும் இரவல். கடலை, கௌபி, பயறு ஊர்க் கடைக்காரரிடம் கேட்டால் தருவார், ஒரே கடையிடம் எல்லாவற்றையும் கேட்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊரவர் பணம் அனுப்பினால் வாங்கலாம். வரவு செலவை ஒரு சி.ஆர். கொப்பியில் (தடித்த அட்டைக் கொப்பி) அன்றன்றே எழுதி, பில்லைப் பக்கத்தில் ஒட்டுங்கள். கொப்பி யார் வந்து கேட்டாலும் காட்டக்கூடிய இடத்தில் இருக்கட்டும்.

பெனர், டீ-சேர்ட், தொப்பி மூன்றும் வேண்டாம். அதற்குப் போகிற காசில் எல்லாப் பிள்ளைக்கும் இரண்டு வாரம் பழம் கொடுக்கலாம். தொடக்க விழாவும் வேண்டாம். ஒரு முகாமில் பிரதம விருந்தினர் வரும்வரை பிள்ளைகள் வெயிலில் மாலையோடு நின்றதை நான் பார்த்தேன். அவர் வந்து, மங்கள விளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி, பேசி முடிய அன்றைய நேரமும் முடிந்தது. நாட்டில் தேர்தல் நடக்கும் வருடமென்றால் இன்னும் இறுக்கமாக இருங்கள்.

ஒரு காலை எப்படி ஓடும்

எட்டரைக்கு வருகிற பிள்ளை சும்மா நிற்கக்கூடாது. ஒரு பக்கத்தில் பல்லாங்குழி, ஒரு பக்கத்தில் கொக்கான், மண்ணில் பாண்டிக் கோடு. வருகிற வருகிற பிள்ளை எதிலாவது குந்திவிடும். தாய்மார் கேட்ட கணக்கு இங்கேதான் இருக்கிறது. ஒரு குழியில் கிடக்கிற புளியங்கொட்டையைப் பார்த்தவுடன் எத்தனை என்று மதித்து, அதை எடுத்துப் போட்டால் எந்தக் குழியில் போய் முடியும் என்று போட முன்னமே சொல்லும் பிள்ளைகள் உண்டு. கையை நீட்டிக் குழியைத் தொட்டுத் தொட்டு எண்ணுகிற பிள்ளையும் உண்டு. யார் எங்கே நிற்கிறது என்பதை ஒரு வினாத்தாளும் இல்லாமல் கண்டுகொள்ளலாம்.

ஒன்பது மணிக்கு வட்டமாக இருத்தி ஒரு கதையை வாசிப்போம், சொல்வதில்லை. புத்தகத்தைப் பிடித்து, படத்தைக் காட்டி, நடுவில் நிறுத்தி, "அப்புறம் என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டு வாசிப்பது. பிரதேச சபை நூலகத்தில் பேசினால் சிறுவர் புத்தகங்களை மொத்தமாக இரவல் தருவார்கள், நூலகர் நல்லவராக இருந்தால் அவரே ஒரு நாள் வந்து வாசிப்பார்.

அதன் பிறகு கைவேலை, ஒரு மணித்தியாலம். இதுதான் முகாமின் உயிர், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் நாளுக்கு எட்டுப் பக்கப் புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏ4 தாளை நீளவாட்டில் ஒருதரம் பாதியாக மடித்து விரிக்கவேண்டும். பிறகு குறுக்கே பாதியாக மடித்து, அதையே இன்னொருதரம் பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். மறுபடி குறுக்கே ஒருதரம் மட்டும் மடியுங்கள். மடிப்பு இருக்கிற பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் வழியே, அடுத்த மடிப்புக்கோடு வரை மட்டும் வெட்டுங்கள். விரித்தால் தாளின் நடுவில் ஒரு பிளவு. இப்போது நீளவாட்டில் மடித்து, இரண்டு முனையையும் பிடித்து உள்ளே தள்ளினால் பிளவு வாய் திறந்து நாலு இதழும் கூட்டல் குறியாக நிற்கும். அதை ஒரு பக்கமாகச் சுற்றி அழுத்தினால் புத்தகம். பசை வேண்டாம், ஊசி நூல் வேண்டாம். தள்ளும்போது தாள் புத்தகமாகிற அந்த இடத்தில் பிள்ளைகள் போடும் சத்தத்துக்கு ஆயத்தமாக இருங்கள்.

அட்டை ஒரு பக்கம் போக ஏழு பக்கத்தில் என்ன எழுதுவது என்பது பிள்ளையின் பாடு. தலைப்புக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் "எனது வீடு", "பசு" என்று பாடசாலைக் கட்டுரை வந்துவிடும். எழுத்து வராத பிள்ளை படம் கீறட்டும், அது சொல்வதை அக்காவோ அண்ணாவோ கீழே எழுதிக் கொடுக்கலாம். எழுதவே தெரியாது என்று வகுப்பில் பெயரெடுத்த ஒருவன் எங்களிடம் லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பற்றி ஏழு பக்கமும் நிரப்பினான். தகப்பன் எப்படி பெல்ட் மாற்றுவார், சேற்றில் இறங்கினால் எந்தச் சில்லுப் பூட்டுவது, எண்ணெய் எங்கே ஒழுகும் என்று அம்புக்குறி போட்டு. எழுத்துப் பிழை தாராளமாக இருந்தது, சிவப்புப் பேனை யாரும் எடுக்கவில்லை. லீவு முடிந்து அவனே பாடசாலையில் சரியாக எழுதிக்கொள்வான், இங்கே அவனுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது, சொன்னான்.

இன்னொரு நாளைக்கு நிழல். முற்றத்தில் சமதரையான இடத்தில் ஓரடி நீளக் குச்சியொன்றை நிமிர்த்தி நட்டு, எட்டரைக்கு நிழலின் நுனியில் ஒரு மட்டி ஓட்டை வைக்கவேண்டும். ஒவ்வொரு அரை மணித்தியாலமும் ஒரு பிள்ளை ஓடிப்போய் இன்னொரு ஓடு வைத்து, நூலால் நீளத்தை அளந்து வரும். ஆகஸ்டில் எட்டரைக்கு ஒன்றேகால் அடிக்கு மேல் கிடக்கிற நிழல், பதினொன்றேகாலுக்கு மூன்று அங்குலம் அளவுக்கு வந்துவிடும். வெட்டிய நூல்களை நேரவாரியாக டிமை தாளில் ஒட்டினால் அதுவே வரைபு. பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தேவையில்லை. "நூல் ஏன் குறையுது?" என்ற கேள்வி போதும். ஆகஸ்டில் எங்களுக்கு உச்சிச் சூரியன் கொஞ்சம் வடக்கே நிற்கும், ஆகவே மத்தியான நிழல் தெற்கே விழும். மார்கழியில் நேர்மாறு. செப்டெம்பர் முதல் வாரத்தில் சூரியன் மட்டக்களப்புக்கு நேர் மேலே வருகிறது. அந்த நாட்களில் பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடத்தில் குச்சிக்கு நிழலே இருக்காது. முகாம் அதற்குள் முடிந்துவிடும் என்றால் தேதியைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், வீட்டு முற்றத்தில் நட்டுப் பார்ப்பார்கள்.

தபாலட்டை ஒரு நாள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு முகவரியையே எழுதி, வீட்டாருக்கு ஒரு செய்தி எழுதி, வரிசையாகத் தபால் கந்தோருக்கு நடந்துபோய்ப் பெட்டிக்குள் போடும். பாதிப் பிள்ளைகளுக்குத் தங்கள் முகவரி தெரியாது என்பதும் அன்றுதான் தெரியும். ஊர்ப்படம் ஒரு நாள். பிரிஸ்டல் போர்டில் முதலில் வாவி, கடல், பிரதான வீதி மூன்று கோடும் நீங்கள் போட்டுக் கொடுங்கள், மீதியை அவர்கள் நிரப்புவார்கள். பெரியவர்களின் படத்தில் வராத நாய் கடிக்கிற வீடு, விளாமரம், ஐஸ்பழ வண்டி நிற்கிற சந்தி எல்லாம் வரும்.

பத்தேகாலுக்குத் தீன். அவித்த கடலை அல்லது கௌபி, மேலே தேங்காய்ப்பூ, ஒரு வாழைப்பழம், தேசிக்காய்த் தண்ணீர் அல்லது மோர். பக்கற்றில் வருகிற எதுவும் வேண்டாம். கலந்த கூட்டமென்றால் மீன், இறைச்சி என்று மச்சமே சேர்க்காமல் விட்டால் எவருக்கும் சங்கடமில்லை. அப்புறம் மரநிழலில் விளையாட்டு அல்லது கூத்து, பதினொன்றேகாலுக்குப் பாயைச் சுருட்டித் துப்புரவு. துப்புரவுக்குப் பிள்ளைகளும் சேரவேண்டும்.

ஊர்ப் பெரியவர்கள்

வெளியிலிருந்து வளவாளரைப் பிடித்து வரத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் இல்லாத ஊர் குறைவு. வசந்தன் கூத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்க அவரைக் கேளுங்கள். வட்டமாக நின்று கோல் அடித்து, பாட்டோடு சுற்றி வருகிற ஆட்டம், இந்த வயதுக்கு அளவானது. ஒரு வாரத்தில் ஒரு பாட்டு ஏறிவிடும். அண்ணாவியாருக்கு ஒரு விஷயத்தை மட்டும் மரியாதையாகச் சொல்லி வைக்கவேண்டும்: தாளம் பிசகினால் ஏசக்கூடாது. அவர்கள் பழகிய களரியில் ஏச்சும் பாடத்தின் பங்கு.

பன் என்ற புல்லில் பாய் இழைக்கிற அம்மம்மா, வலை பொத்துகிற மாமா, கடற்கரைப் பக்கமானால் கரைவலைக்காரர், மருதமுனைப் பக்கமானால் கைத்தறி நெய்கிறவர் என்று ஆளுக்கொரு காலை கொடுக்கலாம். அவர்களைப் பேசச் சொல்லாதீர்கள், வேலையைச் செய்யச் சொல்லுங்கள். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தால் நல்ல வலைக்காரரும் "இன்றைய இளஞ்சமுதாயம்" என்று தொடங்கிவிடுவார். பன்னைக் கையில் கொடுத்தால் பேச்சு தானாக வரும், பிள்ளைகளும் விரலைப் பார்த்துப் பழகும்.

மட்டக்களப்பு நகரப் பக்கத்தில் நடத்துகிறவர்களுக்குப் பார்க்க இடமும் உண்டு. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தரிடம் இழந்த கோட்டை, முகத்துவாரத்து வெளிச்சவீடு, கல்லடி உப்போடையில் விபுலாநந்த அடிகளின் சமாதி. காரைதீவில் 1892இல் பிறந்த ஒரு பிள்ளை வளர்ந்து, பழந்தமிழரின் யாழ்களை ஆராய்ந்து யாழ் நூல் எழுதிய கதையைச் சமாதி அடியில் நின்று சொன்னால் ஏறும். ஒரு நாளைக்கு ஓரிடம் மட்டும். வாகனம் பிடிக்க முடியாத ஊர்கள் கவலைப்பட வேண்டாம், தபால் கந்தோரே போதும்.

பயப்பட வேண்டியவை

தண்ணீர்தான் முதலாவது. வாவியும் கடலும் பக்கத்தில் இருக்கிற ஊரில் "கால் மட்டும் நனைக்கிறம்" என்பதற்கும் இடமில்லை. முகாம் நேரத்தில் கரைக்குப் போவதில்லை, போனால் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரிசையாகத் திரும்புவது. வருகைப் பதிவை வரும்போது ஒருதரம், தீன் நேரத்தில் ஒருதரம், போகும்போது ஒருதரம் பாருங்கள்.

இரண்டாவது பிரதான வீதி. கல்முனை பஸ்கள் ஒன்றையொன்று முந்துகிற வேகம் உங்களுக்குத் தெரியும். வீதி கடக்கிற பிள்ளைகளை ஒரே இடத்தில் சேர்த்து, கொடியோடு இரண்டு பெரியவர்கள் கடத்திவிட வேண்டும், காலையிலும் முடியும்போதும்.

வெயில் காய்ச்சலுக்கும் தலைச்சுற்றுக்கும் நிழல், தண்ணீர், ஜீவனி உப்புக் கரைசல். மருந்து வில்லை எதுவும் நீங்கள் கொடுக்க வேண்டாம், வீட்டுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஆபத்தென்றால் 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும், காசில்லை. தொடங்க முதல் நாள் வளவில் கிடக்கிற சிரட்டை, டயர், யோகட் கப் எல்லாவற்றையும் பொறுக்கிக் கவிழ்த்துவிடுங்கள், டெங்குக்கு. கைவேலைக்குச் சேர்த்த சிரட்டையும் இதில் அடக்கம்.

பிள்ளையின் உடம்பில் அடிகாயம் கண்டாலோ, பிள்ளை ஏதும் சொன்னாலோ, ஊருக்குள் விசாரிக்கப் போகாதீர்கள். கேட்டதை அப்படியே எழுதி, சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அல்லது சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள். சமாதானம் பேசுகிற வேலை உங்களுடையதல்ல.

கடைசி நாளும் அதற்குப் பிறகும்

கடைசி நாள் பெற்றோரை வரச் சொல்லி, செய்தவற்றைக் கயிற்றில் தொங்கவிட்டு, வசந்தன் ஆடிக் காட்டி, எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டால் சரி. மேடையும் பேச்சும் வேண்டாம். சான்றிதழ் கேட்பார்கள், கொடுக்கலாம், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி. பரிசு வைத்தால் இரண்டு வாரம் கட்டி வளர்த்ததை அரை மணித்தியாலத்தில் உடைத்துவிடுவீர்கள். மூன்று பிள்ளை சிரிக்க மற்றது அத்தனையும் அழும்.

புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் பிடிக்கிற பிள்ளை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை என்று சிலரைக் குறித்து வைத்திருப்பீர்கள். அவர்களின் வீட்டுக்குத் தனியே போய், கண், காது பார்க்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். பாடசாலை தொடங்கியதும் வகுப்பாசிரியரிடமும் ஒரு சொல் போட்டு வையுங்கள். இரண்டு வாரத்தில் நான் கண்டதிலேயே பெறுமதியானவை சில சமயம் இவைதான்.

இரவல் பாய்களைத் துடைத்து, பெயர் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். நூலகப் புத்தகங்களை எண்ணி ஒப்படையுங்கள். சி.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தை உதவியவர்கள் முன் வாசித்து, மிஞ்சிய காசு எவ்வளவு, யாரிடம் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அறைகளைக் கூட்டி, குழாய்களைப் பூட்டி, மேசைகளை இருந்தபடி வைத்துவிட்டுச் சாவியை அதிபரின் கையிலேயே கொடுங்கள், காவலாளியிடம் விட்டுவிட்டு வராதீர்கள். கொடுக்கும்போதே அடுத்த ஆகஸ்டுக்கும் வாயால் கேட்டு வையுங்கள். கடிதம் மறுகா கொடுக்கலாம்.